நீலக் கேனில் என்ன இருக்கிறது

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் குறையில்லாமல் இருக்கிறோம். வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போயிருக்கிறார். மகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது, பாடப்புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படிக்கிறாள். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறாளா, இல்லை பாட்டிலை ஜன்னலில் வைத்து அழகு பார்க்கிறாளா? அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால் கடிதமே நல்லது என்று நீ சொன்னது சரிதான். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

சலவைக்கூடத்தில் எனக்கு இந்த மாதத்தோடு ஆறு வருடம். ஆஸ்பத்திரி விரிப்பும் ஓட்டல் விரிப்பும் மூட்டை மூட்டையாக வருகின்றன. ஒன்பது மெஷின், ஒன்பது பெண்கள். ஒன்பதாவதாக ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். வந்த நாளிலிருந்து வாய் மூடவில்லை. மெஷின் இரைச்சலை மீறி அவள் குரல் கேட்கும். 'ரேடியோ' என்று பெயர் வைத்துவிட்டோம். "ஸ்டேஷன் மாத்தணும்னா சொல்லுங்கக்கா" என்கிறாள், கோபமே வருவதில்லை.

அவளுக்கும் கம்பெனியின் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. கேன்டீன் டிவியில் பத்து நிமிடப் படம். சத்தம் வராது, எப்போதும் வந்ததில்லை. "எல்லாம் படத்துலயே இருக்கு, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் டீ குடிக்கப் போனார். படத்தில் ஒருவர் மஞ்சள் கோட்டும் பூட்ஸும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வாயை அசைக்கிறார். அந்தக் கோட்டை ஆறு வருடமாகப் படத்தில்தான் பார்க்கிறேன். முடிந்ததும் பதிவேட்டில் ஒரு கையெழுத்து. தீர்ந்தது பயிற்சி.

மிச்சத்தை நான் சொல்லிக்கொடுத்தேன். எங்களிடம் இரண்டு மருந்துகள் உண்டு. துணியின் கறையை எடுப்பதை வெளுப்பு என்போம், கடைசி அலசலில் சேர்ப்பதைப் புளிப்பு என்போம். இரண்டும் பெரிய கேன்களில் வரும். மேலே லேபிள் இருக்கிறது, ஆனால் அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. அதனால் நிறத்தை வைத்துத்தான் எடுப்போம். 'நீலம் வெளுக்கும், சிவப்பு புளிக்கும்' என்று பாட்டு மாதிரிச் சொல்லித்தருவேன். பாட்டு என் சொந்தச் சரக்கு. ரேடியோ அதற்கு மெட்டே போட்டுவிட்டாள்.

உன் பெயிண்ட் கம்பெனியில் இதையெல்லாம் எப்படிச் சொல்லித்தருகிறார்கள்? அங்கே இதைவிடப் பொல்லாத சரக்கு இருக்குமே. எழுது.

உன் தங்கை


மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். தைலப் பாட்டிலைப் பற்றி நீ எழுதியதை விட்டுவிட்டுத்தான் வாசித்தேன், இருந்தும் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். பாட்டில் இப்போது அலமாரிக்குள் போய்விட்டது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அண்ணி சுகம். எனக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அதில் என்னைப் பார்த்தால் எனக்கே மரியாதை வருகிறது.

ஆபீசில் எழுத்து வேலை தலைக்குமேல் இருக்கிறது. எதை எழுதுவதென்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் அழகான கையெழுத்துக்கு நான் வாங்கிய கப்பை நீ உடைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? முதலாளி அந்தக் கையெழுத்தை இப்போதும் மெச்சுகிறார்.

மருமகளைப் படிக்கச் சொல். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வெயில் ஏறுகிறது, தண்ணீர் நிறையக் குடி.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணா,

இதை அம்மாவுக்கு வாசிக்காதே. நான் நன்றாக இருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். லேசான இருமல், அவ்வளவுதான்.

இரண்டாம் தேதி காலை ஷிப்ட் தொடங்கி அரை மணி ஆகியிருக்கும். வெளுப்புத் தொட்டியில் மட்டம் இறங்கிவிட்டது என்று ரேடியோ நீலக் கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். பாடிக்கொண்டேதான் போனாள். கேனைக் கவிழ்த்தாள். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குனிந்து பார்த்தாள். தொட்டியிலிருந்து பச்சையும் மஞ்சளுமாகப் புகை எழுந்தது. பாட்டு நின்றது. ஆறு வருடத்தில் அந்த மாதிரி நெடியை நான் முகர்ந்ததில்லை. கண்ணில் ஊசி ஊசியாய்க் குத்துகிறது, மூச்சை இழுத்தால் நெஞ்சு பற்றி எரிகிறது. இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து அவளை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன்.

கண் கழுவ ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், அண்ணா. அதன் முன்னால் தள்ளுவண்டிகளை அடுக்கியிருந்தார்கள். நகர்த்தித் திருகினால் தண்ணீர் வரவில்லை. முதலுதவிப் பெட்டி பூட்டியிருந்தது. சாவி மேனேஜர் மேசைக்குள். மேனேஜர் வந்து நின்று, "முகத்துல கொஞ்சம் தண்ணி தெளிங்க, சரியாயிடும்" என்றார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது வாசல் காவலாளி.

சாயங்காலம் கூட வேலை செய்கிறவள் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. மருந்து சப்ளை செய்யும் கம்பெனியை மாற்றியிருக்கிறார்கள். புதியவர்களிடம் நீலக் கேன்தான் புளிப்பு, அதாவது ஆசிட். சிவப்பு வெளுப்பு. அதையும் இதையும் சேர்த்தால் விஷப்புகை வரும் என்று சப்ளையர் ஆள் சொன்னானாம். நிறம் தலைகீழாக மாறியதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

ரேடியோவுக்குத் தொண்டைக்குள் குழாய் போட்டிருக்கிறார்கள். அவளுக்கு யார் நீலம் வெளுக்கும் என்று சொல்லிக்கொடுத்தது? நான். அவள் சரியாகத்தான் கற்றுக்கொண்டாள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

தங்கை


ஏப்ரல் 15

அன்புத் தங்கைக்கு,

அம்மா சுகம், அவளுக்கு எதுவும் தெரியாது. உன் கடிதம் வந்த அன்றே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். நீயும் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாயாமே? ஆக்சிஜன் வைத்தார்களாமே? கடிதத்தில் அது எங்கே போயிற்று? லேசான இருமலாம்! அண்ணனுக்கே காதில் பூ சுற்றுகிறாயா?

அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? நீ சாப்பிடாமல் இருந்தால் அவள் தொண்டை ஆறிவிடாது. உன்மேல் பழியைத் தூக்கிப் போட்டுக்கொள்ளாதே. பழி போட ஆபீசில் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒன்று கேட்கவேண்டும். உன்னிடம் ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டார்களா? கேட்டால் உடனே எனக்கு எழுது.

அண்ணன்


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் அன்பு. ஆஸ்பத்திரி விஷயத்தை மறைத்ததற்குத் திட்டிவிட்டாய், போதும். மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, இப்போது அதையும் எழுதிவிட்டேன். மகள் என்னை நாற்காலியை விட்டு எழவே விடுவதில்லை.

ரேடியோவுக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் குரல் போய்விட்டது. வாயருகே காதை வைத்தால் காற்று மாதிரி ஏதோ வருகிறது. போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சரியான கேனத்தானக்கா எடுத்தேன்?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதேன்.

நீ கேட்டது மாதிரியே நேற்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், அதுவே அதிசயம். மேசைமேல் புதுப் பதிவேடு. 'புதிய மருந்துக் கேன்கள் குறித்த பயிற்சி, மார்ச் 26' என்று தலைப்பு. பயிற்சி பெற்றவர் பட்டியலில் ரேடியோ பெயர் முதலில் இருந்தது. பயிற்சி அளித்தவர் என்று என் பெயர்!

"நான் எப்ப சார் பயிற்சி குடுத்தேன்?"

"நீதானம்மா எல்லாருக்கும் சொல்லிக்குடுக்குற? அதத்தான் எழுதியிருக்கோம். இதுல பொய் என்ன இருக்கு?"

"புதுக் கேனப் பத்தி எனக்கே யாரும் சொல்லலியே."

"சின்னச் சின்ன விஷயமெல்லாம் பாத்தா வேல நடக்காது. சூப்பர்வைசர் வேல காலியா இருக்கு. யோசிச்சுச் சொல்லு."

இதில் நான் கையெழுத்துப் போட்டால், சொல்லிக்கொடுத்தும் கேட்காமல் ரேடியோ தப்புச் செய்தாள் என்று ஆகிவிடும். அவள் வேலையும் போகும், வைத்தியமும் நிற்கும். போடாவிட்டால் என் வேலைக்கு உத்தரவாதம் இல்லை. நான் என்ன செய்யட்டும்?

உன் கம்பெனியில் எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று முதல் கடிதத்திலேயே கேட்டேன். அதற்கு நீ பதிலே எழுதவில்லை.

உன் தங்கை


மே 4

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மா இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள்.

யோசித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுவிடு. எல்லா இடத்திலும் இதுதான் நடக்கிறது. நீ ஒருத்தி போடாததால் அந்தப் பதிவேடு நின்றுவிடாது, வேறொருத்தியைப் பிடித்து வாங்கிவிடுவார்கள். மாப்பிள்ளைக்கு மாதத்தில் பாதி நாள்தான் ஓட்டம். மருமகள் மேலே படிக்கவேண்டும். உன் மூச்சு இருக்கிற நிலையில் வெளியே போய் வேறு எங்கே வேலை தேடுவாய்?

அந்தப் பெண்ணுக்கு நாம் வேறு வழியில் உதவலாம். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்யாதே. இது அண்ணனாகச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மே 10

அண்ணா,

நான் கையெழுத்துப் போடவில்லை.

பேனாவை நீட்டினார். வாங்கவே இல்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "வேணாம் சார்" என்றேன். "அப்ப சூப்பர்வைசர் வேல?" என்றார். "அதுவும் வேணாம் சார்" என்றேன். மறுநாளே என்னை அழுக்கு மூட்டை பிரிக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரி விரிப்புகளை உதறினால் ஊசி விழுகிறது, பஞ்சு விழுகிறது, சில சமயம் சொல்ல முடியாததெல்லாம் விழுகிறது. கையுறை கேட்டேன். ஆர்டர் போட்டிருக்கிறதாம். ஆறு வருடமாக அந்த ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது.

மற்ற ஏழு பேரிடமும் பேசினேன். வேறொருத்தியைப் பிடிப்பார்கள் என்றாயே, பிடித்துப் பார்க்கட்டும். ஏழு பேரும் தனித்தனியாகக் கூப்பிடப்பட்டார்கள், ஏழு பேரும் "வேணாம் சார்" என்று வந்துவிட்டார்கள். பதிவேட்டில் இன்றுவரை ஒரு கையெழுத்தும் விழவில்லை. ஜூன் 22 அன்று தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வருகிறார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். மேனேஜர் பதிவேட்டை எடுப்பதற்குப் பதினோரு நாள் முன்னாலேயே, கையெழுத்துக் கேட்டார்களா என்று நீ எழுதினாய். உனக்கு எப்படித் தெரியும்? அண்ணனாகச் சொல்கிறேன் என்று முடித்திருந்தாய். எனக்கென்னவோ அதை எழுதியது எங்கள் மேனேஜர் என்றுதான் தோன்றியது.

இந்தக் கடிதத்தையாவது மென்று விழுங்காமல் பதில் போடு. அம்மாவுக்கு என் அன்பு.

தங்கை


ஜூன் 14

அன்புத் தங்கைக்கு,

அம்மாவும் அண்ணியும் சுகம். உன் மூச்சு இப்போது எப்படி இருக்கிறது? ஐந்து வாரமாகப் பதில் போடவில்லை. வேலை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், சொல்லவும் போவதில்லை.

உன் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. அண்ணி பிரித்து ஒரு வரி விடாமல் அம்மாவுக்கு வாசித்துவிட்டாள். நான் உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டாள். "அவ இத்தன தடவ கேக்குறா, நீ ஏன்டா பதில் சொல்லல? அங்க என்னத்தத்தான் எழுதுற நீ?" அன்றிலிருந்து அம்மா என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

எங்கள் கம்பெனியின் பயிற்சிப் பதிவேட்டை எழுதுவது நான்தான். பயிற்சி என்று ஒன்று இங்கே கிடையாது. உங்களுக்குச் சத்தமில்லாத படமாவது உண்டு. மாதக் கடைசியில் நான் ஒரு பக்கத்தை நிரப்புவேன், ஆட்கள் என்ன ஏதென்று கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கலவைக்காரர் ஒருவரைத் தின்னர் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். உள்ளே ஆவி தேங்கியிருந்தது, மயங்கி விழுந்தார். உயிர் தப்பியது. ஆனால் கை நடுங்குகிறது, பேச ஆரம்பித்தது பாதியில் மறந்துபோகிறது. மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, தொட்டியில் இறங்குவது பற்றி அவருக்கு நான்கு தடவை பயிற்சி கொடுத்ததாக எழுதச் சொன்னார். எழுதினேன். வெவ்வேறு நாளில் எழுதியது மாதிரித் தெரிய நான்கு பேனா மாற்றினேன். அவருடைய கையெழுத்தையும் நானே போட்டேன். தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிவாகி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்தால் இன்றும் எழுந்து நிற்கிறார். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா சார்?" என்று கேட்கிறார். நானும் சௌக்கியம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுகிறேன்.

நீ கையெழுத்துப் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதனால்தான் போடச் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

இந்தத் திருட்டு வேலையில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பழைய தேதி போடுகிற மேனேஜர்கள் காலண்டரைப் பார்ப்பார்கள், சரக்கு வந்த தேதியைப் பார்க்கமாட்டார்கள். நான் பார்ப்பேன். அதனால்தான் என் பதிவேட்டில் யாரும் ஓட்டை கண்டுபிடிக்கவில்லை. உங்கள் புது நீலக் கேன் எந்தத் தேதியில் வாசலுக்குள் வந்தது என்று காவலாளியின் புத்தகத்தில் இருக்கும். விசாரணையில் அதைக் கொண்டுவரச் சொல். முன்கூட்டியே கேட்காதே, புத்தகம் காணாமல் போய்விடும்.

அண்ணன்


ஜூன் 27

அண்ணா,

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் அன்பு. உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை கிழித்துப் போடத்தான் தோன்றியது. பேனாவை நான்கு தடவை மாற்றினாயே, மூன்றாவது பேனாவிலாவது கை கூசியிருக்க வேண்டாமா? அந்தக் கப்பை நான் சின்ன வயதில் உடைத்தது நல்லதுதான்.

விசாரணையைச் சொல்கிறேன். கேன்டீனில்தான் நடந்தது. ஆய்வாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண், அதிகம் பேசவில்லை. மேனேஜர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பதிவேட்டைத் திறந்து வைத்து, பயிற்சி கொடுத்தது நான்தான் என்றும், வெளியாள் தூண்டிவிட்டதால் கையெழுத்துப் போட மறுக்கிறேன் என்றும் சொன்னார்.

"நீங்கதான் இவங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்களா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"ஆமாங்க மேடம், நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றேன். மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. "நீலம் வெளுக்கும்னு சொல்லிக்குடுத்தேன். நான் சொன்ன மாதிரியே நீலத்த எடுத்து ஊத்தினா. அவ தப்பே பண்ணல. தப்பாச் சொல்லிக்குடுத்தது நான். எனக்குச் சரியாச் சொல்ல வேண்டியது இவங்க. இத அப்படியே எழுதிக்குங்க."

அதற்குப் பிறகுதான் வாசல் புத்தகத்தைக் கேட்டேன். மேனேஜர், "அது எதுக்கு இப்ப?" என்று எழுந்தார். ஆய்வாளர் அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் காவலாளியைக் கூப்பிட்டார். கிழவர் புத்தகத்தைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். புது நீலக் கேன் பத்து, மார்ச் 31, மாலை நான்கு மணி. பயிற்சி நடந்ததாக எழுதியிருந்தது 26. கேன் கட்டடத்துக்குள் வருவதற்கு ஐந்து நாள் முன்னாலேயே நான் அதைக் காட்டிப் பயிற்சி கொடுத்திருக்கிறேனாம்! ஆய்வாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். மேனேஜர் கைக்குட்டையைத் தேடினார்.

உன் யுக்தி பலித்தது. நன்றி சொல்ல வாய் வரவில்லை. ஓட்டை எங்கே இருக்கும் என்று எனக்குக் காட்டினாயே, உன் பதிவேட்டில் ஓட்டையே இல்லை என்கிறாய். அப்படியானால் அந்தக் கலவைக்காரருக்கு யார் காட்டுவார்கள்? நீ வாயைத் திறந்தால்தான் உண்டு.

தங்கை


ஜூலை 18

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் சுகம். இன்று அம்மா எனக்குத் தானே டீ போட்டுக் கொடுத்தாள்.

கலவைக்காரர் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. நான் போனதும் அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்காராமல் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன், பேனா விஷயம் உட்பட. அந்த அம்மாள் என்னைத் திட்டினாள். தகுந்த மாதிரிதான் திட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எழுதிக் குடுங்க சார். இல்லன்னா நான் மறந்துருவேன்" என்றார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதினேன். ஒரே பேனாவால் எழுதினேன். அடியில் என் பெயரைப் போட்டேன். ஒரு பிரதி அவரிடம் இருக்கிறது, இன்னொன்று ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டது. முதலாளி என்னை இந்த வாரம் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். வழக்கும் வரலாம் என்கிறார்கள். வரட்டும். அண்ணி பயப்படுகிறாள், ஆனால் ஏன் போனாய் என்று கேட்கவில்லை.

உன் வேலை என்ன ஆயிற்று? அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்?

அண்ணன்


ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உன் கடிதத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இப்பதான் எனக்கு மச்சான் கிடைச்சிருக்காரு" என்றார். வழக்கு வந்தால் லாரியை எடுத்துக்கொண்டு நேரே அங்கே வந்துவிடுவாராம். நான் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன், ஆனால் உன்னை நினைத்தால் இப்போது தலை குனியத் தோன்றவில்லை.

ஆய்வாளர் அறிக்கை வந்துவிட்டது. பயிற்சி எதுவும் நடக்கவில்லை, விபத்துக்குத் தொழிலாளி காரணமில்லை என்று எழுதியிருக்கிறார். ரேடியோவின் வைத்தியம் கம்பெனி பொறுப்பு. எங்களுக்குப் புரிகிற மொழியில் முறையான பயிற்சி தரவேண்டும் என்றும் உத்தரவு. என்னை மறுபடி மெஷினுக்கு மாற்றினார்கள். ரேடியோவும் போன வாரம் மடிக்கும் பிரிவுக்கு வந்துவிட்டாள். குரல் திரும்பவில்லை. இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது அவளுக்கும் தெரியும்.

உத்தரவுப்படி பயிற்சி நடந்தது. அதே கேன்டீன், அதே படம், இந்த முறை சத்தத்தோடு. மஞ்சள் கோட்டுக்காரர் பேசுகிறார். லேபிளில் இருக்கிற அதே மொழி! எங்களுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. பதிவேடு சுற்றி வந்தது. ஒன்பது பேர் கையிலும் போய்விட்டு, போன மாதிரியே வெறுமையாகத் திரும்பிப் போயிற்று.

இன்று காலை சரக்கு வந்தது. மறுபடி சப்ளையரை மாற்றியிருக்கிறார்கள். இந்த முறை எல்லாமே வெள்ளைக் கேன், நீலமும் இல்லை சிவப்பும் இல்லை. மேனேஜர் வந்து, "தொட்டி காலியா இருக்கு, ஊத்துங்க" என்றார். யாரும் நகரவில்லை. மடிக்கும் மேசையிலிருந்து ரேடியோ எழுந்து வந்தாள். அவள் பேசப் போகிறாள் என்று தெரிந்ததும் நான் என் மெஷினை நிறுத்தினேன். பக்கத்தில் இருந்தவள் அவளுடையதை நிறுத்தினாள். ஒவ்வொன்றாக எல்லா மெஷினும் நின்றன. ஆறு வருடத்தில் அந்தக் கூடம் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை, குழாய் சொட்டுவது கேட்டது.

ரேடியோ ஒரு கேனைக் காட்டி, "இதுல என்ன சார் இருக்கு?" என்றாள். காற்று மாதிரிதான் வந்தது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"துணிக்குப் போடுற மருந்துதான்."

"எந்த மருந்து?"

மேனேஜர் கேனைத் திருப்பினார். லேபிளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அடுத்த கேனைத் திருப்பினார். எங்களைப் பார்த்தார். "அது வந்து... கேட்டுச் சொல்றேன்" என்றார்.

அவருக்கும் தெரியாது, அண்ணா! ஆறு வருடமாக எங்களிடம் கையெழுத்து வாங்கிய மனிதருக்கு அதைப் படிக்கத் தெரியாது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இவரிடமா நான் இத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்?

"கேட்டுட்டு வாங்க சார். நாங்க உக்காந்திருக்கோம்" என்றேன்.

சப்ளையர் ஆளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் வந்து ஒவ்வொரு கேனாக எங்கள் பேச்சில் விளக்கி, எங்கள் எழுத்தில் எழுதி ஒட்டுகிறவரை ஒரு மூடியையும் திறக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டோம். இதை மடிக்கும் மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்க்கிறாள். மணி பதினொன்று ஆகிறது. மெஷின் ஓடவில்லை. இரண்டு லாரி விரிப்பு இறங்கி வாசல்வரை குவிந்து கிடக்கிறது. மேனேஜர் மூன்று முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

குவியட்டும்.

உன் தங்கை